கண்டிப்பு யார்மேல் பாய்ந்தது?

ஆர்.கே. நகர் தொகுதி வாக்காளர்களுக்கு, முக்கியமாகக் கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, காசிமேடு பக்கத்துத் தாய்மார்களுக்கு, யானைக்கவுனியிலிருந்து ஒரு திறந்த மடல்



2017 டிசம்பர் 24 அன்று உங்கள் தொகுதியின் இடைத்தேர்தல் ஓட்டுகளை எண்ணி முடித்தார்கள். குக்கர் சின்னத்தில் சுயேச்சையாக நின்ற டி.டி.வி. தினகரன் 89,013 ஓட்டு வாங்கினார். ஆளுங்கட்சியின் மதுசூதனனை 40,707 ஓட்டு வித்தியாசத்தில் தோற்கடித்தார். தி.மு.க. வேட்பாளருக்கு டெபாசிட் போயிற்று. அதோடு ஊர் உங்களுக்கு ஒரு பட்டத்தைக் கட்டிவிட்டது: விலைபோனவர்கள். வடசென்னை என்று பேச்செடுத்தாலே இன்றும் அந்தப் பட்டம் கூடவே வருகிறது. உங்களைப் பற்றி அப்படிப் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் பேசின் பாலத்தைத் தாண்டி வந்ததில்லை.

என் ஓட்டு துறைமுகம் தொகுதியில். ஆனால் என் பிழைப்பு உங்களோடுதான். அரசு அலுவலகம் ஒன்றின் வாசலில் மேசை போட்டு மனு எழுதிக் கொடுக்கிறேன். முதியோர் உதவித்தொகை, ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பு, வாரிசுச் சான்று, பட்டா, போலீஸ் புகார் என்று உங்கள் வீட்டுக் கஷ்டங்களை ஒரு பக்கத் தாளுக்குள் அடக்குவதுதான் என் தொழில். அந்த உரிமையில் இந்த மடலை எழுதுகிறேன். உங்கள்மேல் விழுந்த பழிக்குப் பதில் சொல்ல வேண்டும். பிறகு உங்களிடமே ஒன்று கேட்க வேண்டும்.

முதலில் பழி. காசு புழங்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2017 ஏப்ரல் 12ஆம் தேதி நடக்க வேண்டிய தேர்தலை, பணப் பட்டுவாடா எல்லை மீறிவிட்டதென்று தேர்தல் ஆணையம் 9ஆம் தேதி ராத்திரி ரத்து செய்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு ஒரு அமைச்சர் வீட்டில் நடந்த வருமான வரிச் சோதனையில், 89 கோடி ரூபாய்ப் பட்டுவாடாவுக்கான கணக்குத் தாள்கள் சிக்கியதாகச் செய்தி வந்தது. டிசம்பரில் மறுபடி தேர்தல் நடந்தபோது 20 ரூபாய் நோட்டை டோக்கனாகக் கொடுத்தார்கள் என்று குற்றச்சாட்டு எழுந்தது. சம்பந்தப்பட்டவர்கள் மறுத்தார்கள். இதெல்லாம் நாடறிந்த சங்கதி.

ஆனால் காசு மட்டும் போதாது. ஒன்றுக்கு மேற்பட்ட தரப்பு இறைத்ததாகப் பேச்சிருந்த தேர்தலில் மக்கள் ஒருவரையே தேடிப் போய் ஓட்டுப் போட்டார்கள் என்றால், அதற்குக் காரணம் பணத்துக்கு வெளியே இருக்கிறது. அந்த ஒருவர் அதே ஆண்டு ஏப்ரலில், இரட்டை இலைச் சின்னத்தைப் பெறத் தேர்தல் ஆணையத்துக்கே லஞ்சம் கொடுக்க முயன்றார் என்ற வழக்கில் டெல்லி போலீசால் கைது செய்யப்பட்டு, ஜாமீனில் வந்தவர். அதை மறைத்து யாரும் உங்களிடம் ஓட்டுக் கேட்கவில்லை. ஊரே அதைப் பேசிக்கொண்டிருந்தது. தெரிந்தேதான் போட்டீர்கள்.

அதற்கு முன்பும் அப்படித்தான். சொத்துக் குவிப்பு வழக்கில் 2014 செப்டம்பர் 27 அன்று பெங்களூரு தனி நீதிமன்ற நீதிபதி ஜான் மைக்கேல் டி.குன்ஹா ஜெயலலிதாவுக்கு நான்கு ஆண்டு சிறையும் 100 கோடி ரூபாய் அபராதமும் விதித்தார். முதலமைச்சராக இருந்தவர் பரப்பன அக்ரஹாரா சிறைக்குப் போனார். தெய்வத்தை மனிதன் தண்டிப்பதா என்ற பொருளில் சுவரொட்டிகள் ஒட்டப்பட்டன. மண்சோறு சாப்பிட்டார்கள், மொட்டை போட்டார்கள். 2015 மே 11 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஜூன் 27 இடைத்தேர்தலில் அவர் உங்கள் தொகுதியில் நின்றார். பெரிய எதிர்க்கட்சிகள் ஒதுங்கிக்கொள்ள, இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் சி. மகேந்திரன் எதிர்த்து நின்றார். வித்தியாசம் ஒன்றரை லட்சத்தையும் தாண்டியது. 2016 மே தேர்தலில் எல்லாக் கட்சிகளும் களத்தில் இருந்தபோதும் 39,545 ஓட்டில் அவரையே ஜெயிக்க வைத்தீர்கள்.

இது உங்கள் தொகுதிக்கு மட்டும் உள்ள வியாதியும் இல்லை. வேட்பாளர் தன்மேல் உள்ள வழக்குகளை உறுதிமொழிப் பத்திரத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2002, 2003 தீர்ப்புகளால் வந்த விதி. விவரம் வெளியே வந்தால் மக்கள் ஒதுக்கிவிடுவார்கள் என்று நம்பினார்கள். நடந்தது தலைகீழ். ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் அந்தப் பத்திரங்களைத் தொகுத்துப் பார்த்தபோது, 2009 மக்களவையில் குற்ற வழக்கு உள்ள உறுப்பினர்கள் 30 சதவீதம். 2024 மக்களவையில் 46 சதவீதம். அமெரிக்காவில் டொனால்ட் டிரம்ப் 2024 மே மாதம் 34 குற்றச்சாட்டுகளில் குற்றவாளி என்று நியூயார்க் ஜூரி சொன்னது. நவம்பரில் மக்கள் அவரை அதிபராக்கினார்கள். பிலிப்பைன்சின் ரோட்ரிகோ டுடெர்ட்டே 2025 மார்ச்சில் கைதாகி ஹேக் நகரில் உள்ள சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றக் காவலில் அடைக்கப்பட்டார். மே மாதம் அவருடைய சொந்த ஊரான டவாவோ, காவலில் இருந்தவரையே மேயராகத் தேர்ந்தெடுத்தது. படித்தவன், படிக்காதவன், பணக்கார நாடு, ஏழை நாடு என்ற கணக்கெல்லாம் இங்கே எடுபடாது.

அப்படியானால் ஏன்? என் மேசையிலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

கொருக்குப்பேட்டை அம்மா ஒருவர் விதவை உதவித்தொகைக்கு மனு எழுத வந்தார். கணவர் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கியவர். ஆதாரில் கணவர் பெயருக்கு முன்னால் ஒரு இனிஷியல், இறப்புச் சான்றிதழில் இன்னொரு இனிஷியல். அந்த ஒரு எழுத்துக்காக அலைந்தார். இந்தச் சான்று கொண்டு வா, அந்த ஜெராக்ஸ் கொண்டு வா, சார் லீவு, சர்வர் டவுன், அடுத்த வாரம் வா. மழைக்காலம் போய் வெயில் காலம் வந்தது. கடைசியில் ஒருநாள் அவர் பகுதிக் கட்சிக்காரர் ஒருவர் கூட வந்தார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் தலைவர் படம். அவர் உள்ளே போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டீ வந்தது. மத்தியானத்துக்குள் இனிஷியல் பிரச்சினை தீர்ந்துவிட்டது. வெளியே வந்த அம்மா என்னிடம் சொன்னார்: “அந்தாளு எப்பேர்ப்பட்ட ஆளுன்னு எனக்குத் தெரியும்ணே. ரெண்டு கேஸ் கீது. ஆனா அவன் வந்து நின்னாதானே என்னிய மனுசியா மதிக்கிறாங்க.”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. என் மனு சுத்தமான தமிழில் இருந்தது. சட்டம் அந்த அம்மாவின் பக்கம் இருந்தது. இரண்டும் சேர்ந்து செய்ய முடியாததை அந்த ஆளின் முரட்டுத்தனம் செய்தது. ஆய்வாளர் மிலன் வைஷ்ணவ், இந்திய அரசியலில் பணமும் அடாவடியும் ஜெயிப்பது ஏன் என்று 2017இல் ஒரு ஆங்கில நூல் எழுதினார். அரசு தன் வேலையை ஒழுங்காகச் செய்யாத இடத்தில், வழக்கு உள்ளவன் என்ற பெயரே ‘இவன் காரியம் முடிப்பான்’ என்பதற்குச் சான்றாகிவிடுகிறது என்பது அவர் வாதங்களில் ஒன்று. இதைக் கண்டுபிடிக்க அவர் பல மாநிலங்கள் சுற்றினார். கொருக்குப்பேட்டை அம்மாவுக்கு அது அனுபவத்திலேயே தெரிந்திருந்தது.

கட்சிக்காரர் உங்கள் தெருவுக்குச் செய்வதைத் தலைவர் கோட்டையில் உட்கார்ந்து செய்வார் என்று நம்பினீர்கள். 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள் சுமார் 1,70,000 பேரை ஜெயலலிதா அரசு ஒரே அடியாக வேலையை விட்டு நீக்கியது. தொழிற்சங்க உரிமைக்கு அது பெரிய அடி. ஆனால் என் மேசைக்கு வந்த பலர் அன்று சந்தோஷப்பட்டார்கள் என்பதையும் நான் சொல்லியாக வேண்டும். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு தங்களை விரட்டியவர்கள் விரட்டப்பட்டதைப் பார்த்த சந்தோஷம் அது. அதிகாரிகள் வரிசையாக நின்று கும்பிடுவதைப் படத்தில் பார்த்தவர்களுக்கு அடிமைத்தனம் கண்ணில் படவில்லை. நம்மை நிற்க வைத்தவர்களை நிற்க வைக்க ஒருவர் இருக்கிறார் என்பதுதான் பட்டது.

அந்த ஒருவர் ஒரு பெண் என்பதும் சேர்ந்துகொண்டது. 1989 மார்ச் 25 அன்று சட்டமன்றத்தில் நடந்த கலவரத்திலிருந்து கலைந்த சேலையோடு அவர் வெளியே வந்ததைத் தமிழ்நாட்டுப் பெண்கள் மறக்கவில்லை. குடித்துவிட்டு வரும் புருஷனிடமும், கந்துவட்டிக்காரனிடமும், ஸ்டேஷனிலும் தலைகுனிந்து நின்ற ஒரு பெண், ஆண்கள் அத்தனை பேரும் தன் முன்னால் குனிய நின்ற இன்னொரு பெண்ணிடம் தன் கணக்கைத் தீர்த்துக்கொண்டாள். இதை வெறும் சினிமா மோகம் என்று சொல்பவருக்கு உங்கள் வாழ்க்கை தெரியாது.

இனி ஊழல். அதை நீங்கள் பொருட்படுத்தவில்லை என்பது தவறு. 1995 செப்டம்பரில் ஜெயலலிதாவின் வளர்ப்பு மகன் திருமண ஆடம்பரத்தைப் பார்த்தீர்கள். 1996இல் பர்கூரிலேயே அவரைத் தோற்கடித்தது இந்த மாநிலம்தான். அ.தி.மு.க.வுக்குக் கிடைத்தவை 4 இடங்கள். 2011இல் அலைக்கற்றை ஊழல் பேச்சோடு மின்வெட்டும் விலைவாசியும் சேர்ந்தபோது தி.மு.க.வையும் வீட்டுக்கு அனுப்பினீர்கள். கண்ணால் பார்த்த ஆடம்பரமும் வயிற்றில் உணர்ந்த கஷ்டமும் சேர்ந்தால் ஓட்டு திரும்புகிறது. சொத்துக் குவிப்பு வழக்கின் 66 கோடி என்ற எண் மட்டும் தனியாக வந்தால் திரும்புவதில்லை. அந்த எண்ணை நம் கையில் வாங்கி எண்ணிப் பார்த்தவர் நம்மில் யார்?

நீதியின் வேகமும் ஒரு காரணம். சொத்துக் குவிப்புப் புகார் 1996இல் வந்தது. 2003இல் வழக்கு கர்நாடகத்துக்கு மாறியது. 2014இல் தண்டனை, 2015இல் விடுதலை. 2017 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு சரி என்றபோது ஜெயலலிதா இறந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதே வழக்கில் அவரோடு தண்டனை பெற்ற சசிகலாவும் இளவரசியும் சுதாகரனும் சிறைக்குப் போனார்கள். வழக்கு தொடங்கியபோது கல்யாணமாகிவந்த பெண்ணுக்கு, அது முடியும்போது பேரப்பிள்ளை பிறந்திருக்கும். இடையில் 2001 ஜூன் 30 அதிகாலையில் மேம்பால வழக்கென்று கருணாநிதியை வீடு புகுந்து கைது செய்த காட்சியையும் பார்த்தோம். அந்த வழக்கு தண்டனை வரை போகவில்லை. ஆட்சி மாறினால் வழக்கும் மாறும் என்பதை இப்படிப் பார்த்துப் பழகியவர்கள், எந்த வழக்கையும் இரண்டு கட்சிகளுக்கு நடுவே உள்ள பகையாகத்தானே எடுத்துக்கொள்வார்கள்? “எல்லாரும்தான் எடுக்கிறாங்க, இவங்க நமக்கும் கொடுத்தாங்க” என்று நீங்கள் சொல்வது அலட்சியத்தில் வந்த பேச்சு இல்லை. யாரை நம்புவது என்று பார்த்துப் பார்த்து அலுத்துப்போனவர்கள் போட்ட கணக்கு அது.

இதுவரை உங்களுக்காகப் பேசினேன். இனி உங்களிடம் பேசுகிறேன்.

கண்டிப்பான தலைவர் வேண்டும் என்கிறீர்கள். சரி. அந்தக் கண்டிப்பு யார்மேல் பாய்ந்தது என்று ஒருமுறை கணக்குப் பாருங்கள். அரசு ஊழியர்மேல் பாய்ந்தது. எதிர்க்கட்சிமேல் பாய்ந்தது. அவதூறு வழக்குகளாகப் பத்திரிகைகள்மேல் பாய்ந்தது. என்கவுன்டர் என்ற பெயரில் நம் தெருப் பையன்கள்மேல் பாய்ந்தது. சுட்டால்தான் அடங்குவார்கள் என்று கைதட்டுகிறவர்கள் நம்மிடையே உண்டு. ஒரு ரவுடி செத்தால் அவன் இடத்துக்கு இன்னொருவன் வருகிறான், அவனை வளர்த்துவிட்டவர் யாரென்ற உண்மை மட்டும் செத்தவனோடு புதைகிறது என்பதை வியாசர்பாடிக்கும் காசிமேட்டுக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை.

அதே கண்டிப்பு ஒருநாளாவது புகைபோக்கிகளின் பக்கம் திரும்பியதா? 2013இல் தண்டையார்பேட்டையில் எண்ணெய்க் குழாய்க் கசிவால் போர் தண்ணீரில் பெட்ரோல் வாடை அடித்தது உங்கள் வீடுகளில்தான். கொடுங்கையூர்க் குப்பை மேட்டுப் புகையில் இருமுகிறது உங்கள் பிள்ளைகள்தான். எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றை மேடாக்கியது. அந்த நிலையம் தனியார் முதலாளியுடையதும் இல்லை, மாநில அரசின் மின் நிறுவனத்துடையது. முதலமைச்சர் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று நீங்கள் நம்பிய அந்த ஒரு வார்த்தை அங்கே சொல்லப்படவில்லை. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது ஆட்களை இறக்கிப் பக்கெட்டால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் வந்து எர்ணாவூர் வீடுகளிலும் காட்டுக்குப்பம் மீனவர் படகுகளிலும் அப்பிக்கொண்டது. அதே மாதம் 26ஆம் தேதி ராத்திரி உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து பெரியகுப்பம் மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். 2013இலிருந்து 2023க்குள் ஆட்சி மாறியது. முதலமைச்சர்கள் மாறினார்கள். கண்டிப்பான பேச்சு எல்லாரிடமும் இருந்தது. ஆலை வாசலில் அது வாயடைத்துப் போயிற்று.

எளியவனிடம் கறாரும் பெரிய கம்பெனியிடம் கனிவும் காட்டுகிறவர் உறுதியான தலைவர் ஆகமாட்டார். உறுதி என்று நாம் கைதட்டியதில் பாதி, நம்மைவிட எளியவர்கள்மேல் விழுந்த அடி.

இன்னொரு கணக்கும் உண்டு. எல்லாம் ஒருவர் கையில் இருந்தால், அந்தக் கை ஓய்ந்தால் எல்லாம் நின்றுபோகும். 2016 செப்டம்பர் 22 முதல் டிசம்பர் 5 வரை ஜெயலலிதா அப்போலோ மருத்துவமனையில் இருந்தார். அவருக்கு என்ன உடம்பு என்று கேட்கக்கூட அமைச்சரவைக்குத் தைரியம் இல்லை. அவர் போன இரண்டு மாதத்தில் உங்கள் கண்முன்னே கட்சி உடைந்து, எம்.எல்.ஏ.க்கள் கூவத்தூர் சொகுசு விடுதியில் அடைக்கப்பட்டார்கள். நீங்கள் அவருக்காகவும், பிறகு அவர் பெயருக்காகவும் போட்ட ஓட்டு எங்கே போனது? குக்கரில் ஜெயித்தவர் 2021இல் உங்கள் தொகுதிப் பக்கம் வரவில்லை. கோவில்பட்டியில் நின்று தோற்றார்.

இலங்கையில் என்ன நடந்தது என்பதும் நம் கண்முன்னே இருக்கிறது. 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்பில் பயந்துபோன நாடு, கண்டிப்பான ஆள் வேண்டுமென்று கோத்தபய ராஜபக்சவை அந்த நவம்பரில் 52.25 சதவீத ஓட்டோடு அதிபராக்கியது. போர்க்காலத்தில் தமிழர்களுக்கு அவர் செய்த கொடுமைகள் உலகம் அறிந்தவை. அந்தப் பழியையே அவருடைய தகுதியாகப் பெரும்பான்மை எண்ணியது. 2021 ஏப்ரலில் ஒரே முடிவில் ரசாயன உரத்துக்குத் தடை போட்டார். எதிர்த்துச் சொல்ல ஆளில்லை. வயல்கள் படுத்தன. டாலர் தீர்ந்தது. பெட்ரோலுக்கு வரிசை, கேஸுக்கு வரிசை. 2022 ஜூலையில் விமானப்படை விமானத்தில் ஏறி மாலத்தீவுக்கு ஓடினார். அடுத்தவருக்குச் செய்த கொடுமையைப் பலம் என்று நினைத்த மக்கள்மீதே அந்தப் பலம் கடைசியில் திரும்பியது.

ஜெயலலிதா ஆட்சியில் நல்லதே நடக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் இந்த மடலை மடித்து வைத்துவிடுவீர்கள், அது நியாயமும்கூட. 1992இல் வந்த அனைத்து மகளிர் காவல் நிலையம் இன்றும் இருக்கிறது. 2003இல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது அந்தக் கண்டிப்பு பங்களாவுக்கும் பொருந்தியது, ஒண்டுக்குடித்தனத்துக்கும் பொருந்தியது. அதனால் நிலத்தடி நீர் ஏறியது. 2013 பிப்ரவரியில் அம்மா உணவகம் வந்தது. 1 ரூபாய் இட்லி, 5 ரூபாய் சாம்பார் சாதம், 3 ரூபாய் தயிர் சாதம். சுமை தூக்குபவர் காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்குப் போக வேண்டியதில்லை என்றானது. 2021 மே மாதம் முகப்பேரில் தேர்தலில் வென்ற கட்சிக்காரர்கள் சிலர் ஒரு உணவகத்தை அடித்து நொறுக்கியபோது முதலமைச்சராகப் பொறுப்பேற்கவிருந்தவரே நடவடிக்கை எடுக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. பிடுங்கப்பட்ட பெயர்ப்பலகை திரும்ப மாட்டப்பட்டது.

அவர் போன பிறகும் இவை ஏன் நிலைத்தன? அரசாணை இருந்தது. மாநகராட்சி பட்ஜெட்டில் பணம் இருந்தது. உணவகங்களில் சுயஉதவிக் குழுப் பெண்கள் வேலை செய்தார்கள். எந்தக் கட்சிக்காரரையும் கூட்டிப் போகாமலேயே 1 ரூபாய் நீட்டினால் இட்லி கிடைத்தது. உதவித்தொகைக்கு அலைந்த கொருக்குப்பேட்டை அம்மா, அங்கே யார் தயவும் இல்லாமல் சாப்பிட்டார். தலைவரின் நல்ல மனசு சட்டமாகவும் ஏற்பாடாகவும் மாறிய இடத்தில் உங்களுக்கு மரியாதை கிடைத்தது. தலைவரின் வாய்ச்சொல்லாகவே நின்ற இடத்தில், அவரோடு அதுவும் போயிற்று.

கண்டிப்பான தலைவரை வளைக்க முடியாது என்று நினைக்காதீர்கள். நீங்களே வளைத்திருக்கிறீர்கள். மாதம் 5,000 ரூபாய்க்கு மேல் வருமானம் என்று சொல்லி ரேஷன் கார்டில் ‘எச்’ முத்திரை குத்தி அரிசியை நிறுத்திய காலம் நினைவிருக்கும். 2004 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் ஒரு இடம்கூட ஜெயலலிதாவுக்குக் கொடுக்கவில்லை. வடசென்னையில் தி.மு.க.வின் செ. குப்புசாமியை அனுப்பினீர்கள். முடிவு வந்த சில நாட்களிலேயே ‘எச்’ முத்திரை போனது, ஊழியர்மேல் எடுத்த நடவடிக்கைகள் திரும்பப் பெறப்பட்டன, விவசாயிக்கு இலவச மின்சாரம் திரும்ப வந்தது. எந்த நீதிமன்றமும் அத்தனை வேகத்தில் அவரைத் திருத்தியதில்லை. உங்கள் விரல் மைக்கு அவ்வளவு பலம். அந்தப் பலத்தை நீங்கள் கோபத்தில் மட்டுமே எடுக்கிறீர்கள் என்பதுதான் என் ஆதங்கம். கேட்டு வாங்குவதற்கும் எடுங்கள்.

அடுத்த முறை உங்கள் தெருவில் மேடை போட்டு, நான் நினைத்தால் நடக்கும் என்று யார் பேசினாலும், எந்தக் கட்சியாக இருந்தாலும், இரண்டு கேள்வி கேளுங்கள்.

உங்கள் கண்டிப்பை மணலிக்கும் எண்ணூருக்கும் கொண்டுபோவீர்களா என்பது முதல் கேள்வி. எந்த ஆலை, என்ன நடவடிக்கை, எத்தனை மாதத்தில் என்று பெயரோடு சொல்லச் சொல்லுங்கள். சுற்றி வளைத்தால், உங்களை அடக்க மட்டும்தான் அவரிடம் பலம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

நீங்கள் இல்லாத நாளிலும் என் மனுவுக்குப் பதில் வர என்ன ஏற்பாடு என்பது இரண்டாவது. மத்தியப் பிரதேசம் 2010இலும் பீகார் 2011இலும் சேவை பெறும் உரிமைச் சட்டம் கொண்டுவந்தன. குறித்த நாளுக்குள் சான்றிதழ் தராத அதிகாரி தன் கையிலிருந்து அபராதம் கட்ட வேண்டும் என்பது அதன் சாரம். தமிழ்நாட்டுக்கும் அப்படி ஒரு பலமான சட்டம் வேண்டும் என்று பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறார்கள். அந்தக் குரலில் உங்கள் குரலும் சேரட்டும். ஒரு இனிஷியலுக்காக ஒரு பெண்ணை மாதக்கணக்கில் அலையவிட்டால் அபராதம் என்று சட்டம் சொல்லட்டும். அப்புறம் வெள்ளை வேட்டிக்காரர் உள்ளே போய் நாற்காலி இழுத்துப்போட வேண்டிய அவசியமே இருக்காது. அவருக்குக் கடன்பட்டு அவர் காட்டும் சின்னத்தில் விரல் வைக்க வேண்டிய அவசியமும் உங்களுக்கு இருக்காது.

இந்தச் சட்டம் வந்தால் என் பிழைப்பில் பாதி போய்விடும். போகட்டும். உங்களுக்குச் சேர வேண்டியதை வாங்கித் தர ஒரு முரட்டு ஆள் தேவைப்படும் வரை, அந்த ஆள் என்ன தப்பு செய்தாலும் பொறுத்துப்போகத்தான் வேண்டியிருக்கும். அந்தத் தேவையை ஒழித்துவிட்டால், ஊழல் செய்தவரை ஊழல் செய்தவர் என்று பயமில்லாமல் சொல்லி ஓட்டுப் போடாமல் இருக்கும் சுதந்திரம் உங்களுக்குக் கிடைக்கும். விலைபோனவர்கள் என்ற பட்டம் கட்டியவர்களுக்கு நீங்கள் கொடுக்கும் பதில் அதுவாக இருக்கட்டும்.

ஓட்டுக் கேட்க வருகிறவர் முதலில் உங்கள் வீட்டுக்குத்தான் வருவார். அந்த இரண்டு கேள்வியையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எழுதத் தெரியாதவர்கள் என் மேசைக்கு வாருங்கள். காசு வேண்டாம், எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மனுக்களை எழுதும் ஒருவன்,
யானைக்கவுனி, சென்னை